சாய்ந்த தூணுக்கு இரண்டு சாட்சிகள்

பிப்ரவரி 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ என் ஃபோனை எடுக்க மாட்டாய். உன் அண்ணனிடம் சொல்லி அனுப்பலாம் என்றால், "உங்க ரெண்டு பேர் பஞ்சாயத்துல என்னை இழுக்காதீங்க" என்று துணி மடிக்கப் போய்விடுகிறார். அதனால் அலுவலகப் பொட்டலத்துக்குள் இந்தக் கடிதத்தைத் திணித்து அனுப்புகிறேன். மேலே இருப்பது நிறுவனத்தின் கடிதம். அதற்கு நீ பதில் போட்டே ஆக வேண்டும். இதற்குப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

உங்கள் ஆலையின் மூன்றாம் கட்டடத்தை மறுபடியும் என் மேசைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஏப்ரலில் ஆலையை நிறுத்தும் ஷட்டவுனில் அங்கே புதிதாக ஒரு கூலர் வைக்கப் போகிறீர்களாம். பழைய தொட்டியிலிருந்து அதற்கு ஒரு பத்தங்குலக் குழாய் போக வேண்டுமாம். கட்டடத்தின் பழைய வரைபடங்கள் எதற்கும் லாயக்கில்லை என்பது உனக்கே தெரியும். ஆகவே போன வருஷம் போலவே, நீங்கள் எடுத்து அனுப்பும் புகைப்படங்களிலிருந்து கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் எழுப்பி, குழாயின் அளவுகளை நான் தர வேண்டும். படம் எடுக்கப் போவது நீதான் என்று பட்டியலில் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

போன தடவை அவசரத்தில் உனக்கு நான் எதையும் ஒழுங்காகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஒரு புகைப்படத்தில் ஆழம் கிடையாது. பக்கத்தில் இருக்கும் சின்னக் குழாயும் தூரத்தில் இருக்கும் பெரிய குழாயும் ஒரே பருமனாகத் தெரியும். ஆனால் ஆலை ஒன்றும் காடு இல்லை. குழாய் என்றால் உருளை, அதன் பருமன் கடையில் விற்கும் சில அளவுகளில் ஒன்றாகத்தான் இருக்கும். குழாய் முனையில் போல்ட் போடுகிற ஃபிளாஞ்ச் வளையம் குழாய்க்குச் செங்குத்தாக நிற்கும். பக்கத்துப் பக்கத்துக் குழாய்கள் இணையாக ஓடும். தூண் நேராக நிற்கும், உத்தரம் மட்டமாகக் கிடக்கும். இந்த விதிகளை நான் மென்பொருளில் பூட்டிவிட்டால், நாலைந்து படங்களில் ஓரங்களைக் குறித்தாலே மிச்சத்தை அது கணக்குப் போட்டுவிடும். ஒரே ஒரு நீளத்தை நீ நிஜத்தில் அளந்து கொடுத்தால் போதும், முழுக் கட்டடத்துக்கும் அளவு கிடைத்துவிடும்.

அந்த ஒரு நீளத்தை வைத்துத்தான் போன வருஷம் உன் தலையில் எல்லாவற்றையும் கட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்று கை வரவில்லை.

எடுக்க வேண்டிய படங்களின் பட்டியல் இணைத்திருக்கிறேன்.

உன் அண்ணி


பிப்ரவரி 17

அண்ணிக்கு,

மெமரி கார்டு உள்ளே இருக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். பட்டியலில் கேட்ட ஒவ்வொரு கோணமும் இருக்கிறது. நீங்கள் கேட்காத கோணங்களும் இருக்கின்றன, ஏனென்றால் எனக்கு இப்போது யாரையும் நம்பப் பயமாக இருக்கிறது.

அந்த ஒரு நீளத்தை இந்த முறை மூன்று தடவை அளந்தேன். இரண்டு தூண்களின் அடிப்பாகத்துக்கு இடையே ஆறு மீட்டர் இரண்டு மில்லிமீட்டர். போன வருஷமும் இதே எண்ணைத்தான் கொடுத்தேன். போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். அதே எண்.

ஆனால் அப்போது குழாய் வந்து இறங்கியபோது மேல் ஃபிளாஞ்சுக்கும் அதற்கும் முப்பத்தைந்து மில்லிமீட்டர் இடைவெளி. மறுபடி வெட்டி, மறுபடி பற்றவைத்து, ஆலை இரண்டு நாள் கூடுதலாக நின்றது. கூட்டத்தில் உங்கள் நிறுவனத் தலைவர் திரையில் தோன்றி, "சைட்டில் இருந்து வந்த அளவு தப்பு" என்றார். அவருக்குப் பக்கத்தில் நீங்கள் இருந்தீர்கள். நீலப் புடவை. நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அதன்பிறகு பதினொரு மாதம் ஸ்டோர்ஸில் கையுறையும் கேஸ்கெட்டும் எடுத்துக் கொடுத்தேன். பராமரிப்புப் பொறியாளர் என்று அட்டையில் போட்டிருக்கும், வேலை ஜன்னலுக்குள் நின்று "எந்த சைஸ்?" என்று கேட்பது. இப்போது என்னைத் திரும்பக் கூப்பிட்டதற்கு அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் இண்டு இடுக்கு தெரியாது என்பதுதான் காரணம். மேலாளர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்: "இந்தக் குழாய் பொருந்துனா நீங்க இங்கே. பொருந்தலன்னா நிரந்தரமா அங்கே."

இன்னொரு நாள் எழுதுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அது என்றைக்கு என்று சொன்னால் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்வேன்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள். துணி மடித்தது போதும்.

நாத்தனார்


பிப்ரவரி 26

அன்புள்ள நாத்தனாருக்கு,

இன்றைக்குத்தான் வட்டம் போடு.

உன் கடிதம் வந்த அன்றே போன வருஷத்து மாடலைத் திறந்தேன். உன் எண் அதேதான். உன் மேல் ஒரு மில்லிமீட்டர் தப்பும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இந்த வருஷம் தேவைப்படவில்லை என்பதுதான் நான் மென்று விழுங்கிக்கொண்டிருந்த விஷயம். எனக்கு அப்போதே தெரியும். தெரியும் என்றுகூடச் சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்தேன்.

நடந்தது இதுதான். நான் குறிக்கும் ஒவ்வொரு கோடும் படத்தில் இருக்கும் ஓரத்தோடு ஒத்துப்போனால் பச்சையாகும், ஒத்துப்போகாவிட்டால் சிவப்பாகும். உங்கள் கட்டடத்தின் வடகிழக்குத் தூணின் உச்சி மட்டும் சிவப்பாகவே இருந்தது. தூண் நேராக இருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தலாமா, அல்லது இந்தப் படங்களில் இருக்கும் புள்ளிகளை நீக்கிவிடலாமா என்று மென்பொருள் கேட்டது. படம் பிசகலாம், தூண் பிசகாது என்று நினைத்தேன். பதினான்கு புள்ளிகளை நீக்கினேன். எல்லாம் பச்சையானது. அன்று மாலையே அனுப்பியாக வேண்டியிருந்தது, அனுப்பிவிட்டேன்.

குழாய் பொருந்தவில்லை என்று செய்தி வந்ததும் முதலில் என் கண்முன் வந்தது அந்தப் பதினான்கு புள்ளிகள்தான். கூட்டத்தில் தலைவர் உன் அளவைக் குறை சொன்னபோது, சொல்லலாம் சொல்லலாம் என்று நினைத்து நினைத்து, கூட்டமே முடிந்துவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து உன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. சப்பைக்கட்டு கட்ட எனக்கு நிறையக் காரணங்கள் இருக்கின்றன, எதையும் எழுதப் போவதில்லை. பயந்தேன். அவ்வளவுதான்.

இப்போது நீ அனுப்பிய படங்களிலும் அதே தூணின் உச்சி சிவப்பாக இருக்கிறது. அந்தத் தூணுக்கு என்ன? உனக்கு ஏதாவது தெரியுமா?

உன் அண்ணி


மார்ச் 10

அண்ணிக்கு,

பத்து நாள் பதில் போடாததற்குக் காரணம், போட்ட பதில்களையெல்லாம் கிழித்துவிட்டேன். அவற்றில் இருந்ததை நாத்தனார்கள் அண்ணிகளுக்கு எழுதக் கூடாது. நேரில் சொல்லலாம்.

பேனா மூடியைப் பார்த்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிஷத்துக்கு நான் பதினொரு மாதம் ஜன்னலில் நின்றேன். அதை மறக்க மாட்டேன். எழுதி வைத்துவிட்டேன், இனி அடுத்ததுக்குப் போகலாம்.

அடுத்தது எனக்கு நல்லதில்லை. தூணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தத் தூணுக்கு இங்கே பெயரே இருக்கிறது. தூங்குமூஞ்சி. அது உச்சியில் வெளிப்பக்கம் சாய்ந்திருப்பது கேட் காவலர் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் தெரியும். நான் வேலைக்குச் சேரும் முன்பே அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கி, வல்லுநர்கள் வந்து முட்டுக் கொடுத்து, இனி நகராது, ஆபத்தில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே காட்டுவோம். "தூங்குமூஞ்சிக்குப் பக்கத்துல வச்சிரு" என்றால் எல்லோருக்கும் இடம் புரியும்.

எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. உங்களுக்கு அளவு அனுப்பிய அன்று அந்தத் தூணின் காலடியில்தான் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. அடியில் ஆறு மீட்டர் இரண்டு. மேலே எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. ஸ்டோர்ஸில் நின்ற பதினொரு மாதமும், தப்பு எதுவும் என்னுடையதில்லை என்று எவ்வளவு நிம்மதியாகத் திட்டிக்கொண்டிருந்தேன்! அந்த நிம்மதியையும் கெடுத்துவிட்டீர்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன். உங்கள் கம்ப்யூட்டருக்கு எது நேர் என்று நாங்கள் காட்டுகிறோம். கட்டட வேலைக்காரர்களிடம் ஒன்பது தூக்குக்குண்டு வாங்கி, கூரையிலிருந்து வெள்ளை நூலில் தொங்கவிட்டேன். ஆடாமல் இருக்க ஒவ்வொரு குண்டையும் ஒரு வாளித் தண்ணீருக்குள் விட்டேன். எந்தப் படத்தை எடுத்தாலும் குறைந்தது மூன்று நூலாவது தெரியும். என்னோடு இருக்கும் ஃபிட்டருக்கு 'அவசரம்' என்று பெயர், வாழ்க்கையில் ஒரு தடவைகூட அவசரப்பட்டதில்லை என்பதால். அவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "மேடம், இங்க என்ன கொடி கட்டித் துணி காயப் போடப் போறீங்களா?" என்றார்.

புதுக் கார்டு வைத்திருக்கிறேன். தூணை நம்பாதீர்கள். நூலை நம்புங்கள்.

நாத்தனார்


மார்ச் 21

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் ஒன்பது நூலுக்கும் கோடி நமஸ்காரம். தூண்கள் நேர் என்ற பூட்டை எல்லாவற்றிலும் கழற்றிவிட்டேன். நூல் மட்டும் நேர். குழாய் உருளை, ஃபிளாஞ்ச் தட்டை என்பவை இருக்கட்டும். இப்போது தூங்குமூஞ்சி தன் இஷ்டப்படி சாய்ந்து நிற்கிறது, எட்டு மீட்டர் உயரத்தில் நாற்பத்தொரு மில்லிமீட்டர். தொட்டியோ கூலர் வரப்போகும் மேடையோ எதிலும் சிவப்பு இல்லை. ஒரு புள்ளியையும் நீக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஆனால் ஓர் இடம் இருட்டாகவே இருக்கிறது. குழாய் போய்ச் சேர வேண்டிய தொட்டி ஃபிளாஞ்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. அதன் முகம் ஒரு படத்திலும் இல்லை. மற்ற விதிகளை வைத்து அது எங்கே இருக்கும் என்று ஊகிக்கலாம். ஊகித்துத்தான் ஒரு தடவை கெட்டேன். அந்த முனையில் நூற்றைம்பது மில்லிமீட்டர் நீளம் அதிகமாக விட்டு அனுப்புகிறேன், அங்கே வைத்து வெட்டிப் பற்றவைத்துக்கொள்ளுங்கள் என்றேன். தலைவருக்குக் கோபம். "நமக்கே தெரியலன்னு நாமே எழுதிக் குடுத்தா நம்மகிட்ட யாரு வருவா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகு ஒரு காரியம் செய்தேன். உங்கள் மேலாளருக்கு நேரடியாகக் கடிதம் எழுதிவிட்டேன். போன வருஷம் உங்கள் பொறியாளர் கொடுத்த அளவு சரி, பதினான்கு புள்ளிகளை நீக்கியது நான், கூட்டத்தில் பேசாமல் இருந்ததும் நான் என்று ஒன்றரைப் பக்கம். பழைய மாடலின் படத்தையும் இணைத்தேன். நகலைத் தலைவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் எனக்கு இங்கே நாற்காலி இருக்குமா என்று தெரியாது. உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, "இதை முதல்லயே சொல்லியிருந்தா ஒரு வருஷமா தங்கச்சி முகத்தைப் பார்க்காம இருந்திருக்க மாட்டேனே" என்றார். 

உன் அண்ணி


மார்ச் 29

அண்ணிக்கு,

மேலாளர் கூப்பிட்டு உங்கள் கடிதத்தை என் கையில் கொடுத்தார். நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்காரச் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதியிருக்கக் கூடாதா என்று முதலில் எரிச்சல் வந்தது. கேட்டிருந்தால் வேண்டாம் என்று வீம்புக்குச் சொல்லியிருப்பேன், அதனால்தான் கேட்கவில்லை என்று அப்புறம் புரிந்தது. தூங்குமூஞ்சியைப் பற்றி நானும் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். அவர் மோவாயைத் தடவிக்கொண்டே, "நானும்தானே சொல்லல" என்றார். உங்கள் தலைவருக்கு ஃபோன் செய்து, இந்த வேலையை அந்த அம்மாவே முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஆகவே ஏப்ரல் வரை உங்கள் நாற்காலி பத்திரம்.

பொருந்தினால் இங்கே, பொருந்தாவிட்டால் அங்கே என்பதை மட்டும் மாற்றவில்லை. "பழசு வேற, இது வேற" என்றார்.

இப்போது கெட்ட செய்தி. நூற்றைம்பது மில்லிமீட்டர் கதை நடக்காது. இந்த ஷட்டவுனில் பக்கத்துக் கட்டடத்தின் எரிவாயுக் குழாய் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மூன்றாம் கட்டடத்துக்குள் ஒரு பொறி பறக்கக் கூடாது. வெட்டுவதும் கிடையாது, பற்றவைப்பதும் கிடையாது. இரண்டு முனையிலும் ஃபிளாஞ்சோடு குழாய் வர வேண்டும், போல்ட் போட வேண்டும், முடிந்தது.

அதனால் சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்து படுத்தேன். காமிரா போகவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றின் நான்கு மூலையிலும் கறுப்பு டேப் ஒட்டி, அதை உள்ளே சாய்த்து வைத்து, கண்ணாடிக்குள் தெரிந்த ஃபிளாஞ்சைப் படம் எடுத்தேன். ஆறு கோணங்கள். கண்ணாடி தட்டை என்பது உங்களுக்கு ஒரு விதிதானே? மூலைகளுக்கு இடையேயான அளவை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இடம் வலமாகத் தெரியும், கவனம். வெளியே வர அவசரம் என் காலைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

இனி தெரியாது என்று சொல்ல உங்களுக்கு வழியில்லை.

நாத்தனார்


ஏப்ரல் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கண்ணாடியை வைத்துத் தொட்டி ஃபிளாஞ்சைப் பிடித்துவிட்டேன். வளையத்தின் இடமும் சாய்வும் சுத்தமாக வந்தன. பன்னிரண்டு போல்ட் துளைகளைக் குறித்தேன். பன்னிரண்டும் சிவப்பு.

துளைகளை எப்படி வைப்பார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் சமமாக, உலகம் முழுக்க அப்படித்தான். அந்த விதியும் பூட்டித்தான் இருந்தது. விதியைத் தளர்த்தவா, புள்ளிகளை நீக்கவா என்று அதே கேள்வி வந்தது. பழகிய கை நீக்கு என்பதன் பக்கம்தான் போனது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உன் ஆறு படங்களையும் மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிறகு விதியைத் தளர்த்தினேன்.

துளைகள் ஏழு டிகிரி திரும்பியிருக்கின்றன. அந்தத் தொட்டியைப் பொருத்திய யாரோ ஃபிளாஞ்சைத் திருகலாக வைத்துப் பற்றவைத்துவிட்டிருக்கிறார்கள். யாரும் சுவர்ப்பக்கம் போய்ப் பார்க்கப் போவதில்லை என்று விட்டிருப்பார்கள்.

வரைபடத்தில் ஏழு டிகிரி என்றே போட்டிருக்கிறேன். நீளத்தில் மூன்று மில்லிமீட்டர் வரை பிசகலாம், ஃபிளாஞ்சுகளுக்கு நடுவில் வைக்கும் கேஸ்கெட் வளையமும் குழாயின் வளைவும் அதைத் தாங்கும். ஏழு என்பதில் அரை டிகிரிக்கு மேல் சந்தேகமில்லை. எங்கே உறுதி, எங்கே சந்தேகம் என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். தலைவர் அந்தத் தாளை எடுத்துவிடச் சொல்லவில்லை.

என் தப்புக்கு நீ மறுபடி ஜன்னலில் நிற்க நேர்ந்தால் நான் தாங்க மாட்டேன். இதைச் சொல்லாமல் இந்தப் பொட்டலத்தை ஒட்ட முடியவில்லை.

உன் அண்ணி


ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணிக்கு,

வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் தாவிப் படிக்காதீர்கள்.

பன்னிரண்டாம் தேதி குழாய் தயாராகும் பட்டறைக்குப் போனேன். போகாமல் இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும். அங்கே இருந்த மேஸ்திரி நல்ல மனிதர், முப்பது வருஷ அனுபவம். உங்கள் ஏழு டிகிரியைப் பார்த்துச் சிரித்து, ஃபிளாஞ்சை ரசமட்டம் வைத்து அழகாக நேராக்கிப் பற்றவைக்கத் தயாராக நிறுத்தியிருந்தார். "டிராயிங்ல தப்பு மேடம், நான் சரி பண்ணிட்டேன்" என்றார். நமக்கு உதவியாம்.

அண்ணி, ஒரு நிமிஷம் எனக்கும் ஆட்டம் கண்டுவிட்டது. முப்பது வருஷம் ஒரு பக்கம், உங்கள் எண் ஒரு பக்கம். உங்கள் தனித்தாளை எடுத்து மறுபடி படித்தேன். பச்சையாகக் காட்டுவதற்காக எழுதியவர் சந்தேகத்தையெல்லாம் இப்படிப் பட்டியல் போட்டிருக்க மாட்டார் என்று தோன்றியது. "ஏழு டிகிரி வையுங்க. தப்பா போனா என் தலை போகட்டும்" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டே திருப்பினார். கடைசிப் பற்றவைப்பு முடியும் வரை அங்கேயே நின்றேன்.

இருபதாம் தேதி குழாயைத் தூக்கினோம். செயின் பிளாக்கின் சங்கிலியில் தொங்கியபடி அங்குலம் அங்குலமாக இறங்கியது. கூலர் பக்கம் சேர்ந்தது. தொட்டிப் பக்கம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது, கையால் தடவித்தான் பார்க்க வேண்டும். அவசரம் உள்ளே கையை விட்டார். நெம்புகோல் எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். "இருங்க மேடம்" என்றார். ஒரு போல்ட் வாங்கினார். இன்னொன்று. நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டும் ஒரு தட்டுக்கூட இல்லாமல் விரலாலேயே ஏறின.

இருபத்துமூன்றாம் தேதி காலையில் தண்ணீர் விட்டு அழுத்தம் ஏற்றினோம். முழு அழுத்தத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தோம். சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே மறுபடி படுத்து, ஃபிளாஞ்சின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அங்கேயே படுத்தபடி அழுதேன். வெளியே இழுத்தபோது மூஞ்சியெல்லாம் தூசியும் கண்ணீருமாக இருந்திருக்கும். மேலாளர் அந்த மூஞ்சியைப் பார்த்துவிட்டு, ஸ்டோர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார்.

நீங்கள் ஒப்புக்கொண்ட அன்றைக்கே உங்களை மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். ஏழு என்று எழுதிய தைரியத்துக்காக இப்போது மன்னிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அண்ணனும் வாருங்கள். கிழித்த கடிதங்களில் இருந்ததை நேரில் சொல்லித் தீர்க்கிறேன், பிறகு சாப்பிடலாம்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். எல்லோரும் சாமான்களை எடுத்துக்கொண்டிருந்தபோது அவசரம் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "யாரு மேடம் இந்த அளவு போட்டது? நம்ம ஃபோட்டோவை மட்டும் பார்த்து, உலகமே நேரா வைக்கிறதை ஏழு டிகிரின்னு எழுதியிருக்காங்களே, யாரு?" என்று கேட்டார். மேலாளரும் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாளும் இந்த ஆலையில் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை.

"எங்க அண்ணி" என்று சொன்னேன்.

உங்கள் நாத்தனார்